சரிவில் வைத்த அளவு நாடா

அன்பு மகளே,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒன்று கேட்டாய். "பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லுங்கப்பா. சித்தப்பா உசுரோட இருக்கும்போது ஒரு தடவையாவது அவருகிட்ட சொன்னீங்களா?" என்றாய். எனக்கு நன்றாகக் கேட்டது. "லைன் சரியில்ல புள்ள, அப்புறம் எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. கம்பளைக்கும் பேராதனைக்கும் நடுவில் எத்தனை தூரம், பஸ் ஏறினால் வந்துவிடலாம், அதற்குப் போய் இந்த மனுசன் கடிதம் எழுதுகிறாரே என்று நீ நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கே நான்கு கடதாசியைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

நீ அம்மாவிடம் சொன்னதையும் அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். நம் வழக்கப்படி கலியாணப் பத்திரிகையை முதலில் பங்காளி வீட்டில் வெற்றிலைத் தட்டோடு போய் வைக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே பங்காளி என் தம்பி, அவனும் போய் எட்டு மாதம் ஆகிறது. அப்பா சித்தியிடம் போய் உண்மையைச் சொல்லிப் பத்திரிகை வைத்தால் இந்த வீட்டிலிருந்து கலியாணம், இல்லையென்றால் பதிவு செய்துகொண்டு அப்படியே போய்விடுகிறேன் என்றாயாமே. அம்மா அழுதாள். எனக்கு உன் மேல் முதலில் கோபம்தான் வந்தது. என் குணம் உனக்குத் தெரியும்தானே, வெட்கம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அவனை நான் கள்ளன் என்று சொன்னது பன்னிரண்டு பேருக்கு முன்னால். அதனால் இதையும் ஊர் படிக்கட்டும். கோயில் சபைச் செயலாளரிடம் ஒரு பிரதி கொடுத்து, திருவிழாக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லப்போகிறேன். அங்கே உன் பெயர் வராது, பயப்படாதே.

நான் என்ன வேலை செய்து உன்னைப் படிக்க வைத்தேன் என்று உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டியது, நான் அந்த வேலையில் எவ்வளவு விசயம் தெரிந்தவன் என்பது. நாவலப்பிட்டியிலிருந்து கண்டி வரைக்கும் இந்த மேசன் பாஸ் கட்டிய வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் முன் நூல் பிடிப்போம். ஒரு பக்கம் ஆறடியில் ஒரு குறி, மறு பக்கம் எட்டடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவில் நாடாவைப் பிடித்தால் சரியாகப் பத்தடி வர வேண்டும். வந்தால் மூலை சரி, வராவிட்டால் முளையைப் பிடுங்கு. கூரைக்குக் கைமரம் அறுப்பதும் அப்படித்தான். அகலத்தில் பாதியும் முகட்டு உயரமும் தெரிந்தால் போதும், சாய்ந்து வரும் மரத்தின் நீளத்தை மேலே ஏறாமலே சொல்லிவிடுவேன். பேராதனையில் ஒரு வீட்டுக்குக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி மாற்றப் போனபோது, சுவரடியில் ஐந்தடி அகலத்தில் தண்ணீர்க் கான் ஓடியது, பீலி பன்னிரண்டடி உயரத்தில் இருந்தது. "பதின்மூன்றடி ஏணி எடுத்துட்டு வாங்கடா" என்றேன். வீட்டுக்காரர் ஒரு பெரிய படிப்பாளி. "எப்படி பாஸ் நின்ன இடத்துலயே சொன்னீங்க?" என்று கேட்டார். அதை நான் பத்து வருசம் பத்து இடத்தில் சொல்லிப் பெருமை அடித்தேன். நீயும் அம்மாவும் "ஆரம்பிச்சிட்டாரு, ஏணி வந்திருச்சு" என்று சிரிப்பீர்கள்.

சாய்ந்து கிடக்கும் கோடு, தட்டையாகக் கிடக்கும் கோட்டைவிட நீளம். அவ்வளவுதான் விசயம். இது தெரியாமல் நான் ஒரு நாளும் கூலி வாங்கியதில்லை.

இனி காணியைப் பற்றி எழுத வேண்டும். நானும் தம்பியும் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்று சேர்ந்து வாங்கிய காணி அது. மேலே ரோட்டோரம் தட்டை, பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிவு. பாதி பாதியாகப் பிரித்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே, "நீங்க மேல் பக்கம் எடுங்கண்ணே, ஒங்களுக்குச் சாமான் எறக்க லொறி வரணும். எனக்கென்ன, பாண் போடுறவனுக்குச் சரிவு போதும்" என்றான். அவன் கம்பளையில் ஒரு பேக்கரியில் போறணை அடுப்பு வேலை செய்தான். ஒவ்வொரு நாளும் விடிந்து வரும்போது உனக்கென்று ஒரு ரோஸ் பாணைச் சூட்டோடு கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவான். அவனுக்குப் பிள்ளை இல்லை. நீ அவனுக்கும் மகள்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியதாக அம்மா சொல்வாள். எனக்கு அது தெரியாது, நான் வேலைத்தளத்தில் இருந்தேன்.

சேவயர் வந்து அளந்த அன்றும் நான் நாவலப்பிட்டியில் ஒரு வேலையில் நின்றேன். தம்பிதான் கூட நின்று கோல் பிடித்தான். வரைபடத்தில் அவனுக்கு அறுபதடி, எனக்கு அறுபதடி என்று இருந்தது. அவன் தன் பக்கத்தில் வீட்டுக்கு அத்திவாரக் கல்லும் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு நாள் எனக்குப் பின்னால் ஒரு மதில் கட்ட வேண்டும் என்று தோன்றி, அளவு நாடாவை எடுத்தேன். என் பக்கம் அறுபது. சும்மா இருந்த கை, அவன் பக்கத்தையும் அளந்தது. வேலி ஓரமாகப் புல்லின் மேல் நாடாவைக் கிடத்தி, மேல் கல்லிலிருந்து ஓடையோரக் கல் வரைக்கும் இழுத்தேன். அறுபத்தைந்து.

அந்த நேரத்தில் என் புத்திக்கு என்ன நடந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வேறொருத்தன் காணியாக இருந்தால் நாடாவை அப்படிப் புல்லில் கிடத்தியிருப்பேனா? மட்டமாகப் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, படி படியாக இறங்கியிருப்பேன். தம்பி காணிக்கு அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை. ஐந்தடி கூட எடுத்திருக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் மனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சேவயர் வந்த அன்று நான் இல்லாததும் அவன் இருந்ததும் எனக்குச் சாட்சியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, "கூடப் பொறந்தவன்னு நம்புனேன். சேவயரக் கையில போட்டுக்கிட்டு அஞ்சடி கூட எடுத்திருக்கான் இந்தக் கள்ளன்" என்றேன். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். அவன் என்னை எதிர்த்துக் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அளந்தது நீங்கதானேண்ணே?" என்று கேட்டான். "நான்தான்" என்றேன். "நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும். அஞ்சுல பாதி, ரெண்டரை அடிய எடுத்துக்கோங்க. ஆனா கள்ளன்னு சொல்லியிருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். சேவயரின் வரைபடத்தை அவன் நம்பவில்லை மகளே, என் நாடாவை நம்பினான். நான் பாஸ் அல்லவா.

அன்று பின்னேரமே நடு வேலியை இரண்டரை அடி கீழே நகர்த்திவிட்டான். நான் அந்த இடத்தில் மதில் எழுப்பினேன். அத்திவாரம் போட்டது போட்டபடி இருந்ததால், அவன் வீட்டு வாசலுக்கு முன்னால் ஐந்தரை அடி இருக்க வேண்டிய முற்றம் மூன்றடியாகச் சுருங்கியது. அவனிடமிருந்து பிடுங்கிய இரண்டரை அடியில் நான் என்ன செய்தேன் என்று ஊர் கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பழைய பலகைகளை அடுக்கி வைத்தேன். அவை அங்கேயே உளுத்துப்போயின. ரோஸ் பாணும் அன்றோடு நின்றது. நீ சித்தப்பா வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் நீ போய்வந்த நாட்களில் நான் யாரோடும் பேசாமல் இருந்தேன். அது சொன்னதைவிட மோசம்.

மூன்று வருசம் கழித்து நீ பதினோராம் வகுப்பில் படித்தாய். பைதகரஸ் தேற்றத்தைப் படிப்பித்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஏதாவது ஒன்றை அதால் அளந்து வரச் சொல்லியிருந்தார் உன் ஆசிரியர். நீ என் அலுமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்தாய், நான் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்தாய், அம்மாவை ஒரு பக்கம் பிடிக்க வைத்து மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் எவ்வளவு இறக்கம் என்று பார்த்தாய். வேலை முடிந்து வந்து நான் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது கொப்பியைக் கொண்டுவந்தாய். "அப்பா, இறக்கம் இருபத்தஞ்சு அடி. தட்டையா அறுபது. அறுபதோட வர்க்கம் மூவாயிரத்து அறுநூறு, இருபத்தஞ்சோட வர்க்கம் அறுநூத்து இருபத்தஞ்சு. கூட்டுனா நாலாயிரத்து இருநூத்து இருபத்தஞ்சு. அதோட வர்க்கமூலம் அறுபத்தஞ்சு" என்றாய். நீ குரலைத் தாழ்த்தி, "சித்தப்பா கூட எடுக்கலப்பா. சரிவுல அளந்தா அப்படித்தான் வரும். ஒங்க ஏணிக் கணக்குத்தான் இது. பன்னெண்டு, அஞ்சு, பதிமூனு. எல்லாத்தையும் அஞ்சால பெருக்கிப் பாருங்க" என்றாய்.

நீ சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் அடித்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நன்றாக விளங்கித்தான் அடித்தேன். கொப்பியைப் பிடுங்கித் தாளைக் கிழித்தேன். "இத வெளியில சொன்னா இந்த வீட்டுல ஒனக்கு எடமில்ல" என்றேன். உன் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் நான் உன்னை அடித்ததில்லை, அந்த ஒரு அடியும் நீ சரியாகக் கணக்குப் போட்டதற்காக விழுந்தது. அதற்குப் பிறகு நீ கண்டியில் விடுதியில் நின்று படித்தாய், பேராதனைக்குப் போனாய், அங்கேயே வேலையும் எடுத்தாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாய். மகள் படித்துப் பெரிய ஆளாகிவிட்டாள், நேரமில்லை என்று நான் ஊரில் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் போறணைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனான். சவப்பெட்டி வந்தது. வெறும் பெட்டியை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் எடுக்கும் நேரத்தில்தான் சிக்கல். ஆளை வைத்த பெட்டியை நிமிர்த்த முடியுமா? வாசல் இரண்டே முக்கால் அடி, வெளியே முற்றம் மூன்றடி, பெட்டி ஆறரை அடி. பாதி வெளியே வந்ததும் அதன் தலை என் மதிலில் முட்டியது. சரித்துப் பார்த்தார்கள், திரும்பவில்லை. பின்னால் இழுத்துத் திரும்பவும் முயன்றார்கள். உன் சித்தி "மெதுவா, மெதுவா" என்று அழுதாள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது திரும்பாது என்று எனக்கு முதலிலேயே தெரியும். ஐந்தரை அடி இருந்திருந்தால் சுகமாகத் திரும்பும் என்றும் தெரியும். என் வேலையே அதுதானே.

அலவாங்கை எடுத்து என் மதிலை நானே உடைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணீரும் சீமெந்துத் தூசியுமாக உடைத்தேன். அந்த வழியாகத்தான் என் தம்பியைக் கொண்டுபோனார்கள். ஊரே என்னைப் பார்த்து அழுதது. "என்ன இருந்தாலும் கூடப் பொறந்த பாசம், பாருங்க, சொந்த மதிலையே ஒடச்சிட்டாரு" என்றார்கள். "தம்பி செஞ்சத எல்லாம் மறந்துட்டாரு மனுசன்" என்று ஒருத்தர் சொன்னார். தம்பி செய்ததையாம்! அவனைப் பெட்டியில் வைத்துக்கொண்டே அவனை இன்னொரு தடவை கள்ளனாக்கினார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். நீ மாமரத்தடியில் நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. அன்று பின்னேரம் நீ போன பிறகு இன்றுவரை இந்த வீட்டுக்கு வரவில்லை.

நான் செய்த பிழைகளில் எனக்கு மிகவும் கேவலமாகத் தெரிவது அதுதான். நாடாவைக் கிடத்தியது அவசரம். உன்னை அடித்தது வெட்கம். ஆனால் அன்று சும்மா நின்றதற்கு ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் திங்கட்கிழமை எழுதியது. செவ்வாய்க்கிழமை காணியை முறைப்படி அளந்தேன். நாடாவை மட்டமாகப் பிடித்து, குண்டு விட்டு, ஒவ்வொரு ஆறடியாக ஓடை வரைக்கும் இறங்கினேன். சரியாக அறுபது. புதன்கிழமை மிச்ச மதிலை உடைக்கத் தொடங்கினேன். ரோட்டால் போன ஒருத்தர் நின்று, "என்ன பாஸ், நல்ல மதில ஒடைக்கிறீங்க?" என்றார். "தம்பிகிட்ட களவெடுத்த காணி. திருப்பிக் குடுக்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார், பகிடி என்று நினைத்திருப்பார். அடுத்து வந்தவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று வியாழக்கிழமை. அச்சகத்தில் தந்த மாதிரிப் பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு காலையில் கீழே இறங்கினேன். உன் சித்தி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உக்காருங்க அத்தான்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாடாவை, சரிவை, அறுபத்தைந்தை, உன் கொப்பியை, உன் கன்னத்தை, அன்று உடைத்த மதிலை. அவள் நிமிரவே இல்லை. நான் முடித்த பிறகு, "தெரியும் அத்தான்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புள்ள அன்னைக்கே பொழுது சாய வந்து சொல்லிருச்சு. கன்னம் வீங்கியிருந்துச்சு. நீங்க கிழிச்ச கடதாசியப் பொறுக்கிக்கிட்டு வந்து இந்த மேசையில வச்சு ஒட்டிக் காட்டுச்சு. நான் ஒங்க வாசல்ல வந்து சண்ட போடப் பொறப்பட்டேன். அவருதான் கையப் புடிச்சு நிறுத்துனாரு. யாரும் வாயத் தொறக்க வேணாம், அண்ணே வருவாரு, அவரு வாயால சொன்னாத்தான் அவருக்கு மரியாத, அது வரைக்கும் இருப்போம்னாரு. புள்ளகிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மூன்று வருசம் பேசாமல் இருந்த தம்பி, உன்னை நான் அடித்த அந்தக் காலத்தில்தான் திரும்பவும் பேசத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்பான். காணியைத் திருப்பிக் கேட்கத்தான் அடி போடுகிறான் என்று நான் நினைத்தேன். "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். பதினொரு வருசம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை மகளே!

தட்டை நீட்டினேன். உன் சித்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், ஆனால் வாங்கவில்லை. "கோவத்துல சொல்லல அத்தான். நீங்க இப்ப சொன்னது எனக்குச் சொல்ல வேண்டியது இல்ல. கேக்க வேண்டியவரு கேக்காமலே போயிட்டாரு. அத நான் வாங்கிக்க முடியாது. பத்திரிகைய புள்ள வந்து குடுக்கட்டும், ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறேன்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அதனால் நீ வர வேண்டும். வரும்போது முதலில் இந்த வீட்டுக்குள் வராதே. பக்கத்துப் பாதையால் நேரே கீழே இறங்கிப் போ. பத்திரிகையைச் சித்தியின் கையில் கொடு. அவள் சோறு போடுவாள், இருந்து சாப்பிடு. உன் கலியாணம் அந்த வாசலிலிருந்து புறப்பட வேண்டும் என்று நீ சொன்னாலும் எனக்குச் சரிதான், இப்போது அங்கே இடம் இருக்கிறது. நான் மேலே முற்றத்தில் இருப்பேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் கோபிக்க மாட்டேன், சத்தம் போட மாட்டேன். அவன் பதினொரு வருசம் எனக்காகக் காத்திருந்தான். நான் இன்றைக்குத்தான் தொடங்குகிறேன்.

உன் அப்பா